ஃபியூஸ் அடிக்கடி போகிறதா? கம்பியை மாற்றும் முன் கட்டையைப் பாருங்கள்

ஃபியூஸ் போனதும் பல வீடுகளில் நடப்பது இதுதான். யாராவது ஸ்டூல் போட்டு ஏறி, கட்டையைப் பிடுங்கி, பழைய வயர் ஒன்றின் தோலை உரித்து நான்கைந்து இழைகளை முறுக்கிக் கட்டிச் செருகிவிடுவார்கள். விளக்கு எரியும், மின்விசிறி சுற்றும். அதன் பிறகு அந்த ஃபியூஸ் போகவே போகாது. ஆபத்து தொடங்குவதும் அங்கேதான். உருக வேண்டிய கம்பி உருகாவிட்டால், சுவருக்குள் ஓடும் வயர் சூடாகும். முப்பது, நாற்பது ஆண்டு பழைய வயரின் மேலுறை காய்ந்து நொறுங்கும் நிலையில் இருக்கும். தீப்பிடித்தாலும் முதலில் கண்ணுக்குத் தெரியாது.

பீங்கான் ஃபியூஸ் கட்டைகளும் இரும்புப் பெட்டி மெயின் சுவிட்சும் இன்னும் இருக்கிற வீட்டுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். ஃபியூஸ் ஏன் போகிறது என்பதை நீங்களே பெருமளவு கண்டுபிடிக்கலாம். அதைச் சரிசெய்வதில் எந்த இடத்தில் கையை எடுத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும் என்பதையும் சொல்கிறேன்.

முதல் படி: மெயினை அணையுங்கள்

காலில் செருப்பு இருக்கட்டும், கை உலர்ந்திருக்கட்டும், பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள். டெஸ்டரை முதலில் மின்சாரம் இருக்கிற ஓர் இடத்தில் வைத்து அது எரிகிறதா என்று பாருங்கள். பழுதான டெஸ்டரை நம்புவதைவிட டெஸ்டரே இல்லாமல் இருப்பது மேல். பிறகு மெயினை அணைத்து, ஃபியூஸ் கட்டையின் இருமுனைகளிலும் வைத்துப் பாருங்கள். எரியக் கூடாது.

மெயினை அணைத்தாலும் மீட்டரிலிருந்து மெயின் சுவிட்சுக்கு வரும் வயரில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். அந்தப் பக்கம் விரலே போகக் கூடாது. மீட்டருக்கு முன்னால் இருக்கும் சர்வீஸ் ஃபியூஸ் மின்வாரியத்துடையது. அதைத் தொட நமக்கு உரிமையும் இல்லை, தேவையும் இல்லை. வீட்டுக் கட்டைகள் எல்லாம் நன்றாக இருந்தும் வீடு முழுக்க இருட்டாக இருந்தால், தமிழ்நாடு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: கம்பி எப்படிச் செத்தது என்று பாருங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். கட்டையைக் கழற்றியவுடன் துடைத்துவிடாதீர்கள். ஜன்னலோரம் கொண்டுபோய் நிதானமாகப் பாருங்கள்.

கம்பி நடுவில் மட்டும் அறுந்து, இரு நுனிகளிலும் சிறு உருண்டை திரண்டிருக்கிறது, பீங்கான் சுத்தமாக இருக்கிறது என்றால், தாங்க முடியாத சுமை ஏறியிருக்கிறது. கம்பி மெல்ல மெல்லச் சூடாகி உருகியிருக்கிறது.

கம்பியே காணவில்லை, பீங்கானில் கரி படிந்து உலோகத் துளிகள் தெறித்திருக்கின்றன என்றால், எங்கோ ஃபேஸும் (மின்சாரம் வரும் வயர்) நியூட்ரலும் (அது திரும்பும் வயர்) நேராகத் தொட்டுக்கொண்டன. ஷார்ட் சர்க்யூட். இந்த அடையாளத்தைப் பார்த்த பிறகு காரணம் தெரியாமல் புதுக் கம்பி கட்டவே கூடாது.

திருகாணியை ஒட்டிய இடத்தில் அறுந்திருந்தால் குற்றம் கட்டையிலேயே இருக்கலாம். திருகாணியை அதிகமாக முறுக்கினால் கம்பி நசுங்கி அந்த இடம் பலவீனமாகும். தளர்வாக விட்டால் அங்கே சூடு பிறக்கும். கட்டை உட்காரும் பித்தளைப் பிடிகள் தளர்ந்திருந்தாலும் இதே கதைதான். அந்த இடத்தில் பீங்கான் பழுப்பேறியிருக்கும். அப்படி இருந்தால் கட்டையை அடியோடு மாற்றச் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: கணக்குப் போடுங்கள்

சுமைதான் காரணம் என்று தோன்றினால், அந்தக் கட்டையில் எதெல்லாம் ஓடுகிறது என்று எழுதுங்கள். கட்டையைக் கழற்றிய நிலையில் மெயினைப் போட்டு, எந்த அறையில் எது வேலை செய்யவில்லை என்று ஒரு சுற்று வந்தால் தெரிந்துவிடும். ஒவ்வொரு சாதனத்திலும் வாட்ஸ் எண் அச்சிட்டிருக்கும். எல்லாவற்றையும் கூட்டி 230-ஆல் வகுத்தால் ஏறக்குறைய எத்தனை ஆம்பியர் என்று வரும்.

இண்டக்‌ஷன் அடுப்பு 2000 வாட்ஸ், மிக்ஸி 750 வாட்ஸ். இரண்டும் சேர்ந்தால் 2750. வகுத்தால் சுமார் 12 ஆம்பியர். அந்தச் சமையலறைக்கு வயர் இழுத்தபோது அங்கே ஒரு குண்டு பல்பும் ஒரு பிளக் பாயிண்டும்தான் இருந்திருக்கும். 5 ஆம்பியர் கம்பி போதுமாக இருந்தது. கட்டையில் கட்டும் கம்பி, தன் அளவைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு மின்சாரம் பாய்ந்தால்தான் உருகும். ஆகவே அடுப்பு மட்டும் ஓடும்போது, சுமார் 9 ஆம்பியரில், 5 ஆம்பியர் கம்பி தாக்குப்பிடித்துவிடலாம். ‘போகவில்லையே, அப்படியானால் சரிதான்’ என்று நினைப்பது தவறு. வயர் அதுவரை சூட்டைத் தின்றுகொண்டுதான் இருக்கிறது.

நான்காம் படி: எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகப் போடுங்கள்

கரி படியாமல் உருகிய கம்பி என்றால் மட்டும் இதைச் செய்யுங்கள். அந்தக் கட்டையைச் சேர்ந்த எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்து, பிளக்குகளைப் பிடுங்கி, சரியான அளவுக் கம்பி கட்டி மெயினைப் போடுங்கள். எதுவும் ஓடாதபோதே போய்விட்டால் குறை சுவருக்குள் இருக்கிறது, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தாங்கினால், ஒவ்வொரு சாதனமாகப் போட்டுப் பாருங்கள்.

நான் முதலில் சந்தேகப்படுவது தண்ணீர் மோட்டாரை. எந்த மோட்டாரும் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு மின்சாரம் இழுக்கும். அந்த ஒரு நொடியை ஃபியூஸ் பொறுத்துக்கொள்ளும். ஆனால் கண்டென்சர் கெட்டுப்போனாலோ, நாள்கணக்கில் ஓடாமல் துரு இறுகிப்போனாலோ, மோட்டார் சுற்றாமல் ‘ம்ம்ம்’ என்று முனகும். முனகும் நேரமெல்லாம் அந்த ஐந்தாறு மடங்கும் பாய்ந்துகொண்டே இருக்கும். முனகல் கேட்டவுடன் அணைத்துவிடுங்கள். அடுத்தது இஸ்திரிப் பெட்டியின் வயர், பெட்டியோடு சேரும் கழுத்துப் பகுதியில் வளைந்து வளைந்து உள்ளே அறுந்திருக்கும். பிறகு கீசர்.

மழைக்காலத்தில் மட்டும் போகிறதென்றால் வெளிவாசல் விளக்கையும் மாடிப்படி சுவிட்சையும் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஓதம் ஏறிய சுவர், பழைய மர வயரிங்கில் நன்றாக வேலை காட்டும். எலி நடமாடும் பரணையும் மறக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: கம்பி கட்டும் முறை

வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியைக் கடையில் ஆம்பியர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். 5 ஆம்பியருக்கு 0.2 மி.மீ., 10 ஆம்பியருக்கு 0.35 மி.மீ., 15 ஆம்பியருக்கு 0.5 மி.மீ. விட்டம். விளக்கு, மின்விசிறிக்கு 5 போதும். 15 ஆம்பியர் கம்பி போட வேண்டுமானால் சுவருக்குள் குறைந்தது 2.5 சதுர மி.மீ. செம்பு வயர் ஓடுகிறது என்பது உறுதியாகத் தெரிய வேண்டும்.

கட்டையில் ஒட்டிய பழைய துளிகளை உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். ஒரே இழையை, திருகாணி இறுகும் திசையிலேயே சுற்றி, விறைப்பாக இழுக்காமல் சற்றுத் தளர்வாக மறுமுனைக்குக் கொண்டுபோய்க் கட்டுங்கள். இரண்டு இழைகளை முறுக்கினால் இரு மடங்கு என்று கணக்குப் போடாதீர்கள்; அது எப்போது உருகும் என்று யாராலும் சொல்ல முடியாது. மெயின் அணைந்திருக்கும்போதே கட்டையைச் செருகிவிட்டுப் பிறகு மெயினைப் போடுங்கள்.

நியூட்ரலில் ஃபியூஸ் இருக்கிறதா?

பழைய போர்டுகளில் ஃபேஸுக்கு ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று என்று இரண்டு கட்டைகள் ஜோடியாக இருப்பதுண்டு. நியூட்ரல் கட்டையில் இருக்கும் கம்பி உருகினால் விளக்கு அணைந்துவிடும். கரண்ட் இல்லை என்று நம்பி ஹோல்டரில் கை வைப்பீர்கள். ஃபேஸ் அங்கே அப்படியே இருக்கும். பிளக்கின் இரண்டு துளைகளிலும் டெஸ்டர் எரிந்தால் பெரும்பாலும் நியூட்ரல் அறுந்திருக்கிறது என்று பொருள். நியூட்ரலில் தனியாக ஃபியூஸ் வைக்கக் கூடாது என்று 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளே சொல்லிவிட்டன. எலக்ட்ரீஷியனிடம் சொல்லி அந்தக் கட்டையை எடுத்துவிட்டு நேர் இணைப்பு கொடுக்கச் செய்யுங்கள். எது நியூட்ரல் என்று அவரே சோதித்துப் பார்க்கட்டும். பல வீடுகளில் இரண்டும் இடம் மாறிக் கிடக்கின்றன.

எலக்ட்ரீஷியன் வந்தபின்

மெகர் கருவியால் வயரின் காப்புத் தன்மையை அளக்கச் சொல்லுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்த வயரை மாற்றத்தான் வேண்டும். அலுமினிய வயர் இருந்தால் ஒவ்வொரு இணைப்பையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். திருகாணிக்கு அடியில் அது காலப்போக்கில் தளரும்.

ஃபியூஸுக்குப் பதிலாக, சுமை கூடினால் தானே விழும் சுவிட்சான எம்.சி.பி. போட்டால் எல்லாம் தீர்ந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். வயருக்கு ஏற்ற அளவாக இருந்தால்தான் அது காக்கும். 1.5 சதுர மி.மீ. வயர் ஓடும் விளக்குச் சுற்றுக்கு 6 ஆம்பியர், 2.5-க்கு 16, கீசருக்கும் ஏ.சி.க்கும் தனியாக 4 சதுர மி.மீ. இழுத்து 20 என்பது பாதுகாப்பான வழக்கம். அடிக்கடி விழுகிறது என்று 32 ஆம்பியர் போட்டுவிட்டுப் போக ஒருவர் முன்வந்தால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தடித்த கம்பி முறுக்கிக் கட்டியதற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை.

30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் சேர்த்துப் போடுங்கள். ஒருவர் உடலில் மின்சாரம் பாய்ந்தால் நொடிக்குள் துண்டிப்பது அதுதான், ஃபியூஸோ எம்.சி.பி.யோ அல்ல. பழைய வீட்டில் அறைக்கு அறை நியூட்ரலைக் கலந்து இணைத்திருப்பார்கள். ஆர்.சி.சி.பி.க்குப் பின்னால் வரும் நியூட்ரல், அதன் வழியாக வராத வேறு சுற்றின் நியூட்ரலோடு எங்காவது சேர்ந்திருந்தால், காரணமே இல்லாததுபோல அது விழுந்துகொண்டிருக்கும். கருவி சரியில்லை என்று அதைக் கழற்றிவிட்ட வீடுகள் உண்டு. கழற்ற விடாதீர்கள், நியூட்ரல்களைப் பிரித்துக் கட்டிவிட்டு, அதன் டெஸ்ட் பட்டனை உங்கள் கண்முன் அழுத்திக் காட்டிய பிறகு கூலி கொடுங்கள்.