அம்மாவின் புரினி

பிஜியின் லௌடோக்கா நகரில் இருந்த எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் என்றால் அம்மாவின் புரினிதான், ஆவியில் அவிக்கும் தேங்காய்ப்பால் புட்டிங். அதன் உயிரே கருக்கிய சர்க்கரையில் இருக்கிறது.

ஒரு கப் சர்க்கரையைத் தண்ணீரே விடாமல் அடிகனமான பாத்திரத்தில் உருக்குங்கள். பொன்னிறத்தில் இறக்கிவிடாதீர்கள். கருஞ்சிவப்பாகி, லேசாகப் புகை எழும்பும்போது இரண்டு கப் தேங்காய்ப்பால் ஊற்றுங்கள். சீறித் தெறிக்கும், தள்ளி நில்லுங்கள். சர்க்கரை கல்லாக இறுகும், பயப்பட வேண்டாம். சிறுதீயில் கிளறினால் கரைந்துவிடும்.

நன்றாக ஆறியதும் மூன்று கப் மைதா, மூன்று தேக்கரண்டி பேக்கிங் பவுடர் சேர்த்துக் கலக்குங்கள். மாவு கரண்டியிலிருந்து தயங்கித் தயங்கி விழ வேண்டும்.

அம்மா பால்பவுடர் டின்னில்தான் அவிப்பார். வெண்ணெய் தடவி, முக்கால் பாகம் மட்டும் நிரப்பி, இறுக மூடாமல் ஒன்றரை மணி நேரம் ஆவியில் வையுங்கள். அப்புறம், தேநீரோடு சூடாக ஒரு துண்டு.