ஃபோர்ஜ்டு பிஸ்டன் ஆர்டர் போடும் முன்: பழைய சிட்டி விடெக் எஞ்சினுக்கு ஒரு செய்முறை

பழைய ஹோண்டா சிட்டி 1.5 விடெக் வைத்திருப்பவர்கள் வண்டியை லேசில் விற்க மாட்டார்கள். ஆனால் இப்போது அந்த எஞ்சின்களில் பாதி, ஆயில் குடித்துப் புகை விடுகின்றன. எப்படியும் பிரிக்கத்தான் வேண்டும், அப்படியே ஃபோர்ஜ்டு பிஸ்டன் (உலோகத்தை அழுத்தி அடித்துச் செய்த உறுதியான பிஸ்டன்) போட்டுவிடலாமா என்று யோசிப்பவர்களுக்கு இந்தப் பதிவு. ஹெட்டைக் கழற்றுவது, கிராங்க்கை இறக்குவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

1. முதலில், தேவையா?

ஃபோர்ஜ்டு பிஸ்டன் மாட்டினால் மட்டும் பவர் கூடிவிடாது. டர்போ போடப் போகிறீர்கள், கம்ப்ரெஷனை (சிலிண்டருக்குள் கலவையை நசுக்கும் விகிதத்தை) நன்றாக ஏற்றப் போகிறீர்கள், அல்லது டிராக்கில் ரெட்லைனைத் தாண்டி ஓட்டப் போகிறீர்கள் என்றால்தான் அதற்கு வேலை. தினமும் ஆபீஸ் போய்வர மட்டும்தான் என்றால் நல்ல காஸ்ட் (அச்சில் வார்த்த) பிஸ்டன் செட்டும் புது ரிங்கும் போதும். மிச்சப் பணத்தில் ஹெட் வேலையைச் சுத்தமாகச் செய்யுங்கள்.

2. எந்த உலோகம்?

கடையில் இரண்டு எண்கள் சொல்வார்கள்: 4032, 2618. இரண்டுமே அலுமினியக் கலவைதான். 4032-ல் சுமார் 12 சதவீதம் சிலிக்கான் இருக்கிறது. அதனால் சூட்டில் குறைவாக விரியும், சிலிண்டருக்கு நெருக்கமாகப் பொருத்தலாம், காலையில் ஸ்டார்ட் செய்யும்போது சத்தம் குறைவு. 2618-ல் சிலிக்கான் இல்லை என்றே சொல்லலாம். கூடுதலாக விரியும், சீக்கிரம் தேயும். ஆனால் டெட்டனேஷன் (கலவை தாறுமாறாக வெடித்துத் தட்டுவது) வந்தால் 4032 விரிசல் விடும் இடத்தில் இது கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். டர்போ இல்லாத ரோட்டு வண்டிக்கு 4032, டர்போ என்றால் 2618. இந்த விஷயத்தில் நான் பிடிவாதக்காரன்.

பிராண்டுக்காக ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஜேஇ, வைஸ்கோ, சிபி, மாலே எல்லாமே நம்பிப் போடக்கூடியவை. அளவுத்தாள் இல்லாமல் வரும் பெயர் தெரியாத செட்டை மட்டும் தொடாதீர்கள்.

3. கம்ப்ரெஷன் உயரம்

மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். நம் 1.5 எஞ்சினின் போர் (சிலிண்டரின் விட்டம்) 75 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) 84.5. அதே குடும்பத்து 1.6-க்கும் போர் 75தான், ஆனால் ஸ்ட்ரோக் 90. வெளிநாட்டுக் கடைகளில் 1.6-க்கான பிஸ்டன்கள்தான் கொட்டிக் கிடக்கும். போர் ஒன்றுதானே என்று வாங்கிவிடத் தோன்றும்.

பிஸ்டனை ராடோடு (கிராங்க்கோடு இணைக்கும் தண்டோடு) சேர்க்கும் பின்னின் நடுவிலிருந்து பிஸ்டனின் மேல்தட்டு வரை உள்ள தூரம்தான் கம்ப்ரெஷன் உயரம். ஸ்ட்ரோக்கில் பாதி, ராட் நீளம், கம்ப்ரெஷன் உயரம் மூன்றையும் கூட்டினால் பிளாக்கின் டெக் உயரத்துக்கு (கிராங்க்கின் நடுவிலிருந்து பிளாக்கின் மேல்முகம் வரை) கிட்டத்தட்ட சமமாக வர வேண்டும். 1.5 பிளாக்கின் டெக் உயரம் சுமார் 207 மி.மீ., 1.6-க்கு 212.

இப்போது 30 மி.மீ. கம்ப்ரெஷன் உயரம் உள்ள 1.6 பிஸ்டனை 137 மி.மீ. ராடுடன் போட்டுப் பாருங்கள். 1.6 பிளாக்கில் 45 + 137 + 30 = 212, கச்சிதம். அதே ஜோடியை 1.5-ல் போட்டால் 42.25 + 137 + 30 = 209.25. பிஸ்டன் பிளாக்குக்கு மேலே 2 மி.மீ.க்கு மேல் துருத்திக்கொண்டு போய் ஹெட்டில் இடிக்கும். 134 மி.மீ. ராட் என்றால் 206.25, முக்கால் மி.மீ. கீழே நின்றுவிடும். ஓடும், ஆனால் கம்ப்ரெஷன் குறையும்.

ஆக, உங்கள் ராடை நீங்களே அளந்துவிட்டுத்தான் ஆர்டர். ஏற்கெனவே ஒருமுறை பிளாக் முகத்தைச் சீவியிருந்தால் டெக் உயரமும் மாறியிருக்கும், அதையும் அளக்க வேண்டும்.

4. கம்ப்ரெஷன் கணக்கு

பெட்டியில் '11.5:1' என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். அது வேறொரு ஹெட், வேறொரு கேஸ்கெட்டுக்குப் போட்ட கணக்கு. உங்கள் ஹெட்டின் மேல் ஒரு அக்ரிலிக் தகடை கிரீஸ் தடவி ஒட்டி, அதிலுள்ள துளை வழியாக பியூரெட்டில் (அளவுக் குழாயில்) மண்ணெண்ணெய் விட்டு சேம்பரின் (ஹெட்டில் கலவை எரியும் குழியின்) கொள்ளளவை அளந்துகொள்ளுங்கள்.

உதாரணத்துக்கு, போரை 75.5-க்குப் பெரிதாக்கினால் ஒரு சிலிண்டர் 378.3 சிசி. சேம்பர் 36, கேஸ்கெட் 3.2, பிஸ்டன் 0.2 மி.மீ. கீழே நிற்பதால் 0.9, வால்வு பாக்கெட் (வால்வு இடிக்காமலிருக்க பிஸ்டன் மேல் உள்ள பள்ளம்) 3 என்றால் மொத்தம் 43.1. விகிதம் (378.3 + 43.1) ÷ 43.1, அதாவது 9.8. பாக்கெட்டுக்குப் பதிலாக 5 சிசி மேடு உள்ள பிஸ்டன் என்றால் அதே ஹெட்டில் 11.8-க்குப் போய்விடும். அதற்கு உயர் ஆக்டேன் பெட்ரோலும் நல்ல டியூனிங்கும் வேண்டும். ஊருக்குள் ஓட்ட என்றால் நான் 10.5-க்கு மேல் போக மாட்டேன்.

5. போரிங், பிஸ்டன் கைக்கு வந்த பிறகுதான்

பெட்டியில் 75.5 என்று எழுதியிருக்கிறது என்பதற்காக, பிஸ்டன் வந்து சேரும் முன்பே பட்டறையில் போர் போட்டுவிடுவார்கள். விடாதீர்கள். பிஸ்டன் முழு வட்டமும் இல்லை, நேர் உருளையும் இல்லை. லேசான முட்டை வடிவம், மேலே குறுகல். எங்கே அளக்க வேண்டும் என்பது அளவுத்தாளில் இருக்கும்: பின்னுக்குக் குறுக்கே, ஸ்கர்ட்டின் (பிஸ்டனின் கீழ்ப்பக்கச் சுவரின்) அடியிலிருந்து இத்தனை மி.மீ. மேலே என்று. ஸ்கர்ட்டில் கருப்புப் பூச்சு இருந்தால் அதற்கு மேல் அளக்கலாமா என்பதையும் அதே தாளில் பாருங்கள்.

வெர்னியர் வேண்டவே வேண்டாம். மிட்டுடோயோ மைக்ரோமீட்டரும் டயல் போர் கேஜும் கடன் வாங்கியாவது கொண்டுவாருங்கள். ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து 1, 2, 3, 4 என்று மார்க்கரில் எழுதி, கிளியரன்ஸை (பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே விடும் இடைவெளியை) கூட்டி அந்தந்த சிலிண்டருக்குத் தனித்தனி அளவு கொடுங்கள். இந்தப் போருக்கு 4032 என்றால் சுமார் 0.05–0.06 மி.மீ., 2618 என்றால் 0.08–0.10. தாளில் வேறு எண் இருந்தால் தாள் சொல்வதுதான் சரி. ஹோனிங்குக்கு (சிலிண்டரைக் கடைசியாகத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருவதற்கு) டார்க் பிளேட் (ஹெட்டுக்குப் பதிலாக முறுக்கி மாட்டும் கனமான தகடு) இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஹெட் போல்ட்டை முறுக்கும்போது சிலிண்டர் லேசாகக் கோணும், அந்த நிலையிலேயே ஹோன் செய்ய அது உதவும்.

6. ரிங் கேப், வால்வு இடைவெளி

ரிங் கேப் என்பது ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே விடும் இடைவெளி. மேல் ரிங்குக்கு போர் × 0.004, 75.5-க்கு 0.30 மி.மீ. டர்போ என்றால் × 0.006, அதாவது 0.45. இரண்டாவது ரிங்குக்குக் கொஞ்சம் கூடுதலாக விடுங்கள். வால்வுக்கு, பிஸ்டன் மேல் களிமண் வைத்து ஹெட்டை மாட்டி, கையால் கிராங்க்கைச் சுற்றி, அழுந்திய இடத்தை அளந்தால் போதும். இன்டேக்கில் 2 மி.மீ., எக்ஸாஸ்டில் 2.5-க்குக் குறையக் கூடாது.

பிறகு சேர்த்தது: படித்த பலர் பின்னைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். ஹோண்டாவின் அசல் ராடில் பின் இறுக்கமாக அழுத்தி உட்கார்ந்திருக்கும். ஃபோர்ஜ்டு செட்டுகளில் பெரும்பாலும் பின் சுதந்திரமாகச் சுழலும், இரு முனையிலும் கம்பி லாக் வரும். அசல் ராடையே வைத்துக்கொள்வதானால் சிறிய முனையைப் (பின் நுழையும் துளையை) பெரிதாக்கி புஷ் (உலோக வளையம்) போட வேண்டும். அந்தச் செலவைக் கேட்டுவிட்டு, புஷ்ஷோடு வரும் ஃபோர்ஜ்டு ராடின் விலையையும் ஒருமுறை பாருங்கள். கம்பி லாக்கைக் கழற்றினால் திரும்பப் போடாதீர்கள், புதியது வாங்குங்கள். மாட்டும்போது பிஸ்டனை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக்கொண்டு மாட்டினால், தெறித்தாலும் பைக்குள்ளேயே விழும்.