ஓய்வுக்காலத்துக்குக் கிராமத்தில் நிலம்: எந்த இடம் என்று படிப்படியாக முடிவு செய்யலாம்

முதல் முறை நான் முன்பணம் கொடுத்த நிலம் ஓர் ஓடைக்கு அக்கரையில் இருந்தது. பார்க்கப் போனது நல்ல வெயில் காலம். ஓடையில் கூழாங்கற்களும் நாணலும்தான் கிடந்தன. செருப்பு நனையாமல் கடந்து போனோம். நான்கு மாதம் கழித்து, மழை பிடித்த பிறகு, அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனேன். ஓடையில் இடுப்பளவு தண்ணீர், நல்ல இழுப்பு. இக்கரையில் நின்றபடியே அம்மா கேட்டார்: "ராத்திரியில நெஞ்சு வலிச்சா இதை எப்படிடா தாண்டுவே?"

என்னிடம் பதில் இல்லை. நிலத்தை விட்டேன், முன்பணமும் போனது. அந்தக் கேள்வியை மட்டும் விடவில்லை. அதன் பிறகு எந்த நிலத்தைப் பார்க்கப் போனாலும் அதைத்தான் முதலில் கேட்டுக்கொண்டேன். கீழே உள்ள படிகள் எல்லாம் அதிலிருந்து வந்தவை. முதல் முறை நிலம் வாங்குகிறவர்கள் இதே வரிசையில் போனால் அலைச்சலும் செலவும் குறையும்.

படி 1: எண்பது வயதில் ஒரு நாள்

நிலம் பார்க்கக் கிளம்பும் முன் ஒரு தாளை எடுத்து, எண்பது வயதில் உங்கள் ஒரு நாள் எப்படி இருக்கும் என்று எழுதுங்கள். வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட்டால் கடைக்கு எப்படிப் போவீர்கள்? இருவரில் ஒருவர் மட்டும் மிஞ்சினால் அவர் அங்கே தனியாக இருக்க விரும்புவாரா? தம்பதியர் இதைத் தனித்தனியாக எழுதி, பிறகு சேர்ந்து படிப்பது நல்லது. ஒருவருக்குத் தோட்டக் கனவாக இருப்பது இன்னொருவருக்குப் பேச்சுத்துணை இல்லாத பயமாக இருக்கலாம். அது வாங்கிய பிறகு தெரிவதைவிட இப்போதே தெரியட்டும்.

எவ்வளவு நிலம் என்பதும் இங்கேயே தீர்மானமாகிவிடும். ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். வீடு, காய்கறிப் பாத்தி, பத்திருபது பழ மரங்கள், இவற்றுக்கு அதில் கால் பங்கே தாராளம். மிச்சம் முழுக்க களை வெட்டவும் வேலி பார்க்கவும் வேண்டிய இடம். பெரிய நிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதைப் பார்த்துக்கொள்ள ஆள் யார் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

படி 2: வரைபடத்தில் வட்டம் போடுங்கள்

வட்டத்தைக் கிலோமீட்டரில் போடாமல் நேரத்தில் போட வேண்டும். நடுவில் இருக்க வேண்டியது இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும், மூளையை ஸ்கேன் எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனை.

ஏன் இவ்வளவு குறிப்பாகச் சொல்கிறேன் என்றால், பக்கவாதத்தில் மூளைக்குப் போகும் ரத்தக் குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறார்களோ அவ்வளவு பலன். கொடுக்கும் முன் ஸ்கேன் எடுத்து, மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும். இப்போது பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். வாய் கோணுவதைப் பக்கத்தில் இருப்பவர் கவனிக்க ஒரு நேரம், ஆம்புலன்ஸ் உங்களைத் தேடி வர ஒரு நேரம், திரும்பிப் போக அதே நேரம், ஸ்கேனுக்கு ஒரு நேரம். போகும் வழி ஒரு மணி நேரம் என்றாலே ஆம்புலன்ஸ் வந்து போக இரண்டு மணி நேரம் கழிந்துவிடும். அதனால் நான் வைத்துக்கொண்ட எல்லை நாற்பத்தைந்து நிமிடம். அதைத் தாண்டிய இடங்களை, எவ்வளவு அழகாக இருந்தாலும், பார்க்கவே போகவில்லை.

அவசரம் இல்லாத வைத்தியமும் இருக்கிறது. சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் தேவைப்படுபவர்கள் பெரும்பாலும் வாரத்துக்கு மூன்று முறை போக வேண்டும், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் அளவுக்கு. அப்படி ஒரு நிலை வந்தால் அந்தச் சாலையில் வாரத்தில் எத்தனை மணி நேரம் கழியும் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது வட்டம் பிள்ளைகள், உறவுகள், நண்பர்கள் உங்களிடம் வந்து போக ஆகும் நேரம். இதற்கு நான் எல்லை சொல்ல மாட்டேன். ஒன்றை மட்டும் சொல்கிறேன்: போய்த் திரும்ப ஒரே நாள் போதும் என்றால் அடிக்கடி வருவார்கள், இரவு தங்கித்தான் ஆக வேண்டும் என்றால் விசேஷத்துக்குத்தான் வருவார்கள்.

படி 3: வீட்டில் உட்கார்ந்தே கழித்துவிடுங்கள்

இரண்டு வட்டமும் சேரும் பகுதியில் இருக்கும் நிலங்களில் பாதியை நேரில் போகாமலே தள்ளிவிடலாம். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களைப் பார்க்கும் வசதி இருக்கிறது. லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1972 முதல் பூமியைப் படமெடுத்து வருகின்றன, அந்தப் படங்கள் இலவசம். அவற்றை வைத்து ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆராய்ச்சி மையம், 1984 முதல் எந்த இடத்தில் எப்போது தண்ணீர் நின்றது என்று காட்டும் உலக வரைபடம் ஒன்றை உருவாக்கியிருக்கிறது. நீங்கள் பார்க்கும் நிலம் அதில் ஒரு முறையாவது நீலமாகத் தெரிந்தால் கவனம். அந்த வரைபடத்தில் ஒரு புள்ளி 30 மீட்டர் அகலம். என்னுடைய ஓடை போன்ற சின்ன ஓடைகள் அதில் தெரியாது. அவற்றை நேரில்தான் பார்க்க வேண்டும்.

"நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வரும் வெள்ளம்" என்று யாராவது சொன்னால் நிம்மதியாகிவிடாதீர்கள். அதன் பொருள், ஒவ்வோர் ஆண்டும் அந்த வெள்ளம் வர நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது என்பதுதான். நீங்கள் அங்கே 30 ஆண்டு வாழ்ந்தால் ஒரு முறையாவது அதைப் பார்க்கும் வாய்ப்பு 26 சதவீதம். நாலில் ஒன்று.

மலைச் சரிவு என்றால் நெருப்பையும் நினையுங்கள். தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும், கீழே எரிவதன் அனல் மேலே இருக்கும் புல்லையும் புதரையும் முன்கூட்டியே காயவைத்துவிடுவதால். காட்சி நன்றாக இருக்கிறது என்று சரிவின் உச்சியில் வீடு கட்டுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அடிமரம் வளைந்து நுனி மட்டும் நேராக நிற்கும் மரங்கள், சாய்ந்த வேலிக்கம்பங்கள், மண்ணில் குறுக்கே ஓடும் வெடிப்பு, இவை அந்தச் சரிவு மெல்ல நகர்வதன் அடையாளமாக இருக்கலாம். பார்த்தால், மண் தெரிந்த பொறியாளர் ஒருவரைக் கேட்காமல் அடுத்த அடி வைக்காதீர்கள்.

படி 4: தண்ணீர்

எல்லாப் படியிலும் இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்கச் சொல்வேன். சாலையைப் போட்டுக்கொள்ளலாம், மண்ணைத் திருத்தலாம், நிலத்துக்கடியில் இல்லாத தண்ணீரை ஒன்றும் செய்ய முடியாது.

விற்பவரிடம் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். சுற்றியுள்ள ஐந்தாறு கிணறுகளுக்குச் சொந்தக்காரர்களைப் போய்ப் பாருங்கள். எந்த ஆண்டு தோண்டியது, எத்தனை அடியில் தண்ணீர் கிடைத்தது, வறட்சியின் கடைசி மாதத்தில் மட்டம் எங்கே நிற்கிறது, எத்தனை துளை போட்டு வீணாகின. பழைய கிணறு 60 அடியிலும் புதியது 300 அடியிலும் இருந்தால், அந்த இரண்டு எண்களே உங்களுக்குப் பதில் சொல்லிவிடும். மட்டம் இறங்கிக்கொண்டிருக்கும் பகுதியில் இன்றைக்குத் தண்ணீர் இருக்கிறது என்பது உங்கள் இருபது வருடத்துக்கு உத்தரவாதம் ஆகாது.

நிலத்திலேயே கிணறு இருந்தால் ஊறும் அளவை நீங்களே அளக்கலாம். மோட்டாரைப் போட்டு, 20 லிட்டர் வாளி நிறைய எத்தனை வினாடி என்று பாருங்கள். 40 வினாடி என்றால் நிமிடத்துக்கு 30 லிட்டர். ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டுவதை ஏற்காதீர்கள், கிணற்றில் ஏற்கெனவே நின்ற தண்ணீரே அவ்வளவு நேரம் வரும். நான்கைந்து மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டு, கடைசியில் மறுபடி அளந்து பாருங்கள்.

அப்புறம் தரம். தண்ணீர் தெளிவாகவும் இனிப்பாகவும் இருப்பது ஒன்றையும் நிரூபிக்காது. வங்கதேசத்தில் குளத்து நீரால் பரவிய நோய்களைத் தவிர்க்க 1970களிலிருந்து லட்சக்கணக்கான குழாய்க் கிணறுகள் போட்டார்கள். நல்ல எண்ணத்தில் செய்த வேலைதான். 1990களில்தான் அவற்றில் ஏராளமானவற்றில் இயற்கையாகவே ஆர்சனிக் கலந்திருப்பது தெரியவந்தது. அதற்குள் மக்கள் வருடக்கணக்காகக் குடித்துவிட்டிருந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: லிட்டருக்கு ஆர்சனிக் 0.01 மில்லிகிராம், ஃபுளூரைடு 1.5 மில்லிகிராம், நைட்ரேட் 50 மில்லிகிராம். காய்ச்சினால் இவை போகாது, தண்ணீர் ஆவியாவதால் இன்னும் செறிவாகும். சுத்தமான பாட்டிலில் பிடித்து, கிருமிப் பரிசோதனையும் சேர்த்து, ஆய்வுக்கூடத்துக்குக் கொடுங்கள். நிலத்தின் விலையோடு ஒப்பிட்டால் இது ஒரு செலவே இல்லை.

கிணறு சுமார்தான் என்றால் மழைநீரைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் கூரை, ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் மழை, அதில் சிந்தியது போக 80 சதவீதம் பிடித்தால் 64,000 லிட்டர். இருவர் நாளுக்கு 200 லிட்டர் புழங்கினால் ஆண்டுக்கு 73,000 வேண்டும். ஏறக்குறைய சரிக்கட்டிவிடுகிறது இல்லையா? ஆனால் மழை எல்லாம் சில மாதங்களிலேயே கொட்டிவிடும் இடத்தில், ஐந்து மாத வறட்சியைத் தாண்ட 30,000 லிட்டர் சேமித்து வைக்கத் தொட்டி வேண்டும். அதனால் ஆண்டு மழை எவ்வளவு என்பதோடு மழை இல்லாத மாதங்கள் எத்தனை என்றும் கேளுங்கள்.

படி 5: மண்ணைத் தொட்டுப் பாருங்கள்

ஒரு கண்ணாடிக் குடுவையில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, தண்ணீர் ஊற்றி நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் படியும், வண்டல் ஓரிரண்டு மணி நேரத்தில், களி ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். அடுக்குகளின் தடிமன்தான் உங்கள் மண்ணின் கலவை. வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடித்து, மழையில் வீங்கும் களிமண் என்றால் பயிருக்குப் பரவாயில்லை, வீட்டு அஸ்திவாரத்துக்குத் தனிச் செலவு ஆகும்.

இன்னொரு சோதனை: முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் செப்டிக் டேங்க் நீரை அந்த மண் உறிஞ்சாது. கழிவுநீர் இறங்கும் இடத்துக்கும் கிணற்றுக்கும் இடையே 30 மீட்டராவது விட இடமிருக்கிறதா என்றும் அளந்துகொள்ளுங்கள். பக்கத்து நிலத்துக்காரரின் கழிவுக் குழியையும் சேர்த்து.

படி 6: பாதை

"காலங்காலமாக இந்த வழியாகத்தான் போய்வருகிறோம்" என்பது உரிமை ஆகாது. நிலத்துக்குப் போகும் வழி பொதுச் சாலையா, அடுத்தவர் நிலமா? அடுத்தவர் நிலம் என்றால் போகவர உரிமை பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறதா, எத்தனை அடி அகலம், வண்டி போகலாமா? இன்றைய பக்கத்து வீட்டுக்காரர் நல்லவராக இருக்கலாம், நாளை அவர் நிலத்தை யாருக்கு விற்பார் என்று அவருக்கே தெரியாது.

மழை பெய்து முடிந்த மறுநாள் அந்தப் பாதையில் போய்ப் பாருங்கள். மின்கம்பம் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது, அங்கிருந்து இழுக்க யார் செலவு என்று கேளுங்கள். கைப்பேசி சிக்னலை வீடு வரப்போகும் இடத்தில் நின்று சோதியுங்கள், வாசலில் நின்று வேண்டாம்.

படி 7: காகிதம்

இதை நீங்களாகச் செய்ய முயல வேண்டாம். விற்பவரோ தரகரோ காட்டும் வழக்கறிஞரும் வேண்டாம், உங்கள் பணத்தில் உங்களுக்காக வேலை செய்யும் ஒருவர் வேண்டும். அவரிடம் என்ன கேட்பது என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

1858இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் கொண்டுவந்த முறையில், அரசுப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். அதை அரசே உறுதி செய்கிறது. எல்லா இடத்திலும் அப்படி இல்லை. பல இடங்களில் பதிவு என்பது இப்படி ஒரு பத்திரம் எழுதப்பட்டது என்பதற்கான சாட்சி மட்டுமே. விற்றவருக்கு விற்க உரிமை இருந்ததா என்பதை மூலப்பத்திரம் வரை பின்னோக்கிப் போய் நீங்கள்தான் சரிபார்க்க வேண்டும். நீங்கள் வாங்கும் இடத்தில் எந்த முறை என்பதே முதல் கேள்வி. அடுத்தது, விவசாய நிலம் என்றால் அதில் வீடு கட்ட அனுமதி உண்டா, வெளியாள் வாங்கலாமா. பிறகு கடன், அடமானம், வாரிசுகளில் கையெழுத்துப் போடாதவர்கள். சர்வேயரை வைத்து அளந்து, பத்திரத்தில் உள்ள அளவும் தரையில் உள்ள அளவும் ஒன்றுதானா என்று பார்த்துவிடுங்கள். சுற்றுவட்டாரத்தில் குவாரி, நெடுஞ்சாலை, அணை எதற்காவது திட்டம் இருக்கிறதா என்று உள்ளூர் நிர்வாக அலுவலகத்தில் விசாரிக்கவும்.

படி 8: வாங்கும் முன் வாழ்ந்து பாருங்கள்

இத்தனையும் தாண்டி ஒன்றிரண்டு நிலங்கள் மிஞ்சும். உடனே வாங்காமல் அந்த ஊரிலேயே வாடகைக்கு வீடு பிடித்து ஒரு வருடம் இருங்கள். அவ்வளவு முடியாவிட்டால் அந்த ஊரின் மோசமான மாதம் எது என்று கேட்டு, அந்த மாதம் முழுக்கத் தங்குங்கள். இதற்குள் நிலத்தை வேறு யாராவது வாங்கிவிட்டால் போகட்டும். இந்த ஆலோசனையை நான் பத்துப் பேரிடம் சொன்னால் ஒருவர்தான் கேட்கிறார், ஆனாலும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

தங்கும்போது தோட்டத்தைவிட மனிதர்களைக் கவனியுங்கள். உங்கள் வயதுக்காரர்கள் சாயங்காலம் எங்கே கூடுகிறார்கள், புதிதாக வந்தவரோடு பேசுகிறார்களா, யாராவது இரண்டு நாள் வெளியே வரவில்லை என்றால் கதவைத் தட்டிப் பார்ப்பவர் உண்டா. ஓர் இரவு, மணி இரண்டுக்கு எழுந்து, நிலத்திலிருந்து மருத்துவமனை வரை வண்டியில் போய்ப் பாருங்கள். எத்தனை நிமிடம் ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள். மழை பெய்யும் இரவாக இருந்தால் இன்னும் நல்லது.