காரைக்குடியில் வீடு கட்டுவோர் தவிர்க்க வேண்டிய கணக்குத் தவறுகள்

காரைக்குடி 2024-இல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்த பிறகு, வெளியூரில் இருப்பவர்களும் இங்கே மனை தேடத் தொடங்கியிருக்கிறார்கள். சிமெண்டு, கம்பி, கூலி ஆகியவற்றை ரூபாய் அணா சுத்தமாகக் கணக்கிடும் அவர்கள், அந்த மனையில் எவ்வளவு கட்ட விதி இடம் தருகிறது என்பதை மட்டும் முன்பணம் கொடுத்த பிறகே விசாரிக்கிறார்கள். செலவு கைமீறிப் போவது பெரும்பாலும் இங்கேதான்.

2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், சாதாரணக் கட்டடங்களுக்கான தளப்பரப்புக் குறியீட்டை, அதாவது எல்லாத் தளங்களையும் சேர்த்து மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவை, 2 ஆக்கின. அதற்கு முன் அது 1.5. ஐந்தரை சென்ட் மனை ஏறத்தாழ 2,400 சதுர அடி என்பதால் 4,800 சதுர அடி கட்டலாம் என்று தரகர் சொல்வார். அந்த எண் உச்சவரம்புதானே தவிர, கையில் கிடைக்கும் பரப்பு அன்று. 40-க்கு 60 அடி மனையில் முன்புறம் 10 அடியும் மற்ற மூன்று புறம் ஐந்தைந்து அடியும் விடுவதாக வைத்துக்கொண்டால், ஒரு தளத்துக்கு 1,350 சதுர அடிதான் மிஞ்சும். மனை விலை 36 லட்சம் என்றால், 4,800 சதுர அடிக்கு நிலத்தின் பங்கு சதுர அடிக்கு 750 ரூபாய். இரண்டு தளங்களோடு, அதாவது 2,700 சதுர அடியோடு, நிறுத்துபவருக்கோ அது 1,333 ரூபாய். குறியீடு உயரும்போது விற்பவர் அந்தக் கூடுதல் பரப்பையும் விலையில் ஏற்றிவிடுவார் என்பதால், முழு அளவும் கட்டப்போகாதவர் அந்த விலையைக் கொடுக்கவே கூடாது.

விளைநிலமாக வகைப்படுத்தப்பட்ட இடத்தை, நில உபயோக மாற்றம் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பி வாங்குவதும் தவறு. அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்தும் திட்டமும் 2016 அக்டோபர் 20-க்குப் பின் உருவான மனைப்பிரிவுகளுக்குக் கைகொடுக்காது. விதிப்படி கட்டுவதாக உரிமையாளரே சான்றளித்து அனுமதி பெறும் சுயசான்றிதழ் முறை, 2024-இல் வந்தபோது 2,500 சதுர அடி வரையான மனையில், 3,500 சதுர அடிக்கு மேற்படாத, தரைத்தளமும் அதன்மேல் ஒரு தளமும் உள்ள வீட்டுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. உடனடியாக அனுமதி கிடைப்பதால் விதியை மீறலாம் என்று பொருளாகாது.

செட்டிநாட்டுக்கே உரிய தவறு பாகப்பிரிவினையில் நிகழ்கிறது. முன்தெருவிலிருந்து பின்தெரு வரை நீளும் பழைய வீட்டைப் பங்காளிகள் நெடுக்கில் கூறுபோடுகிறார்கள். அறுபது அடி அகலம் நால்வருக்குப் பிரிந்தால் ஆளுக்குப் பதினைந்து அடி. இரு பக்கமும் மூன்று அடி விட வேண்டி வந்தால் ஒன்பது அடியில் வீடு எப்படி அமையும்? வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் தொடர் கட்டடப் பகுதி என வரையறுக்கப்பட்ட தெருக்களில் பக்க இடைவெளி தேவைப்படாது என்பதால், நம் தெரு அந்த வகைப்பாட்டில் வருகிறதா என்பதை முதலில் கேட்டறிய வேண்டும். பழைய வீடுகள் பக்கச் சுவர்களை நம்பாமல் நடு வளவின் (முற்றத்தின்) வழியே காற்றையும் வெளிச்சத்தையும் வாங்கிக்கொண்டன. அந்த அமைப்பை இடித்துத் தேக்குத் தூண்களை விற்றுவிட்டு, நான்கு இருட்டு வீடுகளைக் கட்டுவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை. மனையைப் பிரிக்காமல் பொதுவில் வைத்து, ஒவ்வொருவருக்கும் பிரிபடாத பங்கும் ஒரு தனிக் குடியிருப்பும் வருமாறு சேர்ந்து கட்டினால், இடைவெளியும் படிக்கட்டும் வாகன நிறுத்தமும் ஒருமுறை விட்டால் போதும். ஆகவே, பாகப்பத்திரம் பதிவாகும் முன்பே, பிரித்துக் கட்டினால் எவ்வளவு, சேர்த்துக் கட்டினால் எவ்வளவு என்று பொறியாளரிடம் இரண்டு வரைபடங்கள் போட்டு வாங்கிப் பங்காளிகள் அனைவரும் ஒன்றாக அமர்ந்து பார்க்க வேண்டும்.