ஜாவாஸ்கிரிப்ட்டில் நேர வலயங்களைக் கையாளுதல்

நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குச் செல்லும் படகுக்கான முன்பதிவுப் பக்கமொன்றை எழுதுகிறீர்கள் என்று கொள்வோம். பதிவு செய்பவர் ரொறன்ரோவில் இருக்கிறார். படகோ திருகோணமலை நேரப்படி காலை 8 மணிக்குப் புறப்படுகிறது.

ஜாவாஸ்கிரிப்ட்டில் திகதியையும் நேரத்தையும் குறிக்கும் டேட் (Date) பொருள் எந்த நேர வலயத்தையும் தன்னுள் வைத்திருப்பதில்லை. 1970 ஜனவரி 1, யூடிசி (UTC, உலகப் பொது நேரம்) நள்ளிரவிலிருந்து கடந்த மில்லிசெக்கன்களை மட்டுமே அது வைத்திருக்கிறது. '2025-07-10' என்று திகதியை மட்டும் கொடுத்தால் அது யூடிசி நள்ளிரவாகவே வாசிக்கப்படும். அது திருகோணமலையில் 10ஆம் திகதி காலை 5.30 ஆகவும், ரொறன்ரோவில் 9ஆம் திகதி இரவு 8 மணியாகவும் தெரியும். இலங்கையில் இருந்து சோதிக்கும்போது திகதி சரியாகவே தெரிவதால், இந்தப் பிழை எளிதில் தப்பிவிடுகிறது. நேரத்தையும் சேர்த்து, வலயத்தைக் குறிப்பிடாமல் விட்டாலோ, அது பாவனையாளருடைய கணினியின் உள்ளூர் நேரமாகிவிடும்.

ஆகவே, புறப்படும் நேரத்தின் இறுதியில், யூடிசியை விட இலங்கை நேரம் முந்தும் அளவான +05:30 என்பதை எப்போதும் எழுதுங்கள். சேமிக்கும்போது டேட் பொருளின் toISOString செயற்கூறு தரும் யூடிசி வடிவத்தைப் பயன்படுத்துங்கள். மேற்சொன்ன படகுக்கு அது 02:30 ஆக இருக்கும். காட்டும்போது திகதியை வடிவமைக்கும் Intl.DateTimeFormat-க்கு timeZone மதிப்பாக 'Asia/Colombo' என்பதைக் கொடுங்கள்.

இந்த ஐந்தரை மணி நேர வித்தியாசத்தை, அதாவது 330 நிமிடங்களை, கையால் கூட்டும் வழக்கத்தை நான் உறுதியாக எதிர்க்கிறேன். கனடாவில் கோடைக்கால நேரம் மாறுகிறது. இலங்கையிலும் 1996 முதல் 2006 ஏப்ரல் வரை நேரம் வேறாக இருந்ததால், அக்காலப் பதிவுகள் பிழையாகும்.

வெளியிடுமுன், உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட்டை இயக்கும் நோட் (Node.js) சூழலில், நேர வலயத்தைக் குறிக்கும் TZ சூழல் மாறியை 'America/Toronto' என மாற்றி, எல்லாச் சோதனைகளையும் மீண்டும் ஓட்டிப் பாருங்கள்.