“ரத்த மாதிரின்னா ரத்தம் இல்லையா அக்கா?” – அறிவுசார் குறைபாடு உள்ளவர்களோடு சேர்ந்து சுகாதார ஆய்வு செய்வது எப்படி

எங்கள் ஒப்புதல் படிவத்தில் ‘ரத்த மாதிரி சேகரிக்கப்படும்’ என்று ஒரு வரி இருந்தது. அதை வாசித்துக் காட்டினேன். எதிரே இருந்தவருக்கு வயது 41. பஸ் ஸ்டாண்டு வாசலில் அம்மாவோடு உட்கார்ந்து பூக்கட்டுபவர். நாரைச் சுற்றிக்கொண்டிருந்த கை நிற்காமலே, “ரத்த மாதிரின்னா ரத்தம் இல்லையா அக்கா? ரத்தம் மாதிரி வேற ஏதோவா?” என்று கேட்டார். பதினேழு வருஷமாக அந்த வரியை ஊர் ஊராக வாசித்துக் கையெழுத்து வாங்கியவள் நான். ஒருவர்கூட இப்படிக் கேட்டதில்லை. கேட்காதவர்களுக்கெல்லாம் புரிந்துவிட்டது என்றே நினைத்திருந்தேன்.

தென்காசிப் பக்கம் சுகாதார ஆய்வுகளுக்குக் களப்பணியை ஒருங்கிணைப்பது என் வேலை. அறிவுசார் குறைபாடு (கற்பதிலும் புரிந்துகொள்வதிலும் இருக்கும் சிரமம்) உள்ள பெரியவர்கள் நோய் முற்றும்வரை ஏன் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை என்பதுதான் நாங்கள் எடுத்துக்கொண்ட விஷயம். சின்ன விஷயமில்லை. இங்கிலாந்தில் 2013-இல் வந்த ஒரு விசாரணை அறிக்கை, இவர்களில் ஆண்கள் மற்ற ஆண்களைவிட சராசரியாக 13 வருஷமும், பெண்கள் மற்ற பெண்களைவிட 20 வருஷமும் முன்னதாக இறக்கிறார்கள் என்று கணக்குக் காட்டியது. எங்கள் ஆய்வை அறிவுசார் குறைபாடு உள்ள நான்கு பேரோடு சேர்ந்து செய்தோம். இவர்களிடம் தகவல் வாங்கிக்கொண்டு போவது எனக்குப் பழக்கம். இவர்களோடு உட்கார்ந்து ஆய்வு செய்வது புதிது. அதில் கற்றதைத்தான், இனி தொடங்கப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் அவர்களை என்ன சொல்லி அழைப்பது என்று முடிவு செய்யுங்கள். நாங்கள் ‘சக ஆய்வாளர்’ என்று அட்டை அடித்துக் கழுத்தில் மாட்டினோம். நால்வரில் மூத்தவர், டீக்கடையிலிருந்து கடை கடையாக டீ கொண்டுபோய்க் கொடுக்கும் அண்ணாச்சி. அவர் அட்டையை உடனே கழற்றிவிட்டார். ஆய்வாளர் என்றால் அவருக்கு ஸ்டேஷனில் இருக்கும் இன்ஸ்பெக்டர்தான். அப்புறம் அவர்களே ‘கூட்டாளி’ என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தார்கள்.

பெயர் மட்டும் கொடுத்து ஏமாற்றிய கதை இந்தத் துறையில் உண்டு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபெர்னால்டு பள்ளியில், 1946 முதல் 1953 வரை, பையன்களைச் ‘சயின்ஸ் கிளப்’ என்று சேர்த்து, கதிரியக்கம் கலந்த ஓட்ஸ் கஞ்சியும் பாலும் கொடுத்துச் சோதித்தார்கள். பெற்றோருக்குப் போன கடிதத்தில் கதிரியக்கம் என்ற பேச்சே இல்லை. அந்தப் பையன்களும் பெயரளவில் கிளப் உறுப்பினர்கள்தான். ஆகவே கூட்டாளி என்று அழைக்கும் முன் ஒன்றை யோசியுங்கள்: இவர் வேண்டாம் என்றால் உங்கள் ஆய்வில் ஏதாவது மாறுமா? மாறாது என்றால் அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள்.

மாற வேண்டுமென்றால் கேள்வி முடிவாகும் முன்பே அவர்கள் வந்திருக்க வேண்டும். நிதி வந்து, கேள்வித்தாள் அச்சாகி, அதற்குப் பிறகு நாலு பேரைச் சேர்ப்பது கல்யாணத்துக்குத் தாலி கட்டிய பிறகு பத்திரிகை கொடுப்பது மாதிரி. நாங்கள் பாதிக் கிணறு தாண்டியபின்தான் இதை உணர்ந்தோம். தூரம், பஸ், பணம், விழிப்புணர்வு என்று எங்களிடம் ஒரு பட்டியல் தயாராக இருந்தது. அதைப் படமாக வரைந்து விரித்தபோது அண்ணாச்சி எதையும் தொடவில்லை. “போனா எங்கிட்ட யாரும் பேச மாட்டாங்க” என்றார். ஆய்வின் கேள்வியே அன்று மாறியது. ஏன் வருவதில்லை என்பதை விட்டுவிட்டு, வந்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கப் போனோம். திட்ட அறிக்கையைத் திருத்தி எழுத இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதத்தை முன்கூட்டியே உங்கள் கால அட்டவணையில் போட்டுவிடுங்கள்.

அடுத்தது நீ, நீங்க. ரத்த மாதிரி பற்றிக் கேட்ட பூக்காரம்மாவை ஊரே ‘பாப்பா’ என்றுதான் கூப்பிடும். 52 வயது அண்ணாச்சியைப் பள்ளிக்கூடப் பையன்கூட ‘ஏலே’ என்பான். எங்கள் குழுவின் டாக்டர்களும் முதல் நாள் தங்களை அறியாமல் “நீ எங்கம்மா இருக்கே?” என்றுதான் ஆரம்பித்தார்கள். நான் குறுக்கிட்டு ‘நீங்க’ என்று திருத்த வேண்டியிருந்தது. சங்கடமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. ஒருவரைக் குழந்தை என்று கூப்பிட்டுவிட்டு அவர் சொல்லும் கருத்தைக் கூட்டக் குறிப்பில் எழுத யாருக்கும் கை வராது.

கூட்டம் எங்கே, எப்போது என்பதை அவர்கள் வரும் பஸ்தான் தீர்மானிக்க வேண்டும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணம் கிடையாது. ஆனால் அந்த பஸ் காலையில் ஒன்று, மதியம் ஒன்று. ஏசி ஹாலில் மைக் வைத்து நடத்திய முதல் கூட்டத்தில், நால்வரில் ஒருவரான, டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே இருக்கும் ஒரு மரபணு நிலை) உள்ள தம்பி காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு எல்லாக் கூட்டமும் ஒரு வீட்டுத் திண்ணையில், கோரைப்பாயில்தான். ஒருநாளைக்கு ஒரே விஷயம். நாற்பது நிமிஷம் பேச்சு, அப்புறம் டீ.

ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிவப்பு அட்டை கொடுங்கள். புரியவில்லை, போரடிக்கிறது, நிறுத்து, மூன்றுக்கும் அது ஒன்றே போதும். எங்கள் கூட்டங்களில் அதிகம் அட்டை வாங்கியது நான்தான். ‘டேட்டா’ என்றால் அட்டை. ‘அணுகல்’ என்றால் அட்டை. ஒருமுறை நான் வாயைத் திறக்கும் முன்பே தம்பி அட்டையைத் தூக்கினார். டீ வந்திருந்தது.

கூட வரும் அம்மா, அக்காமார்களைக் கொஞ்சம் கவனமாகக் கையாள வேண்டும். மகளுக்குக் கேள்வி போகும் முன்பே அம்மாவிடமிருந்து பதில் வந்துவிடும். நாற்பது வருஷப் பழக்கம், குறை சொல்லக் கூடாது. பக்கத்தில் உட்காராமல் பின்னால் உட்காரச் சொன்னோம். எங்களுக்கும் ஒரு விதி வைத்துக்கொண்டோம்: கேள்வி கேட்டபின் மனசுக்குள் பத்துவரை எண்ண வேண்டும். செய்து பாருங்கள், பத்து எவ்வளவு நீளம் என்று தெரியும். பூக்காரம்மாவின் பதில் பெரும்பாலும் எட்டில் வரும். நான் முன்பெல்லாம் மூன்றிலேயே அடுத்த கேள்விக்குத் தாவியிருக்கிறேன்.

இனி ‘சரி’. இவர்களில் பலருக்குச் சின்ன வயதிலிருந்தே, பெரியவர்கள் கேட்டால் சரி சொல்வதுதான் பத்திரம் என்று பழகியிருக்கிறது. ஒப்புதல் வாங்கும்போது இதுதான் பெரிய ஆபத்து. எங்களுக்குக் கைகொடுத்தது டீ. “டீயில உப்புப் போடவா?” என்று முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்பேன். முதல் நாள் மூன்று பேர் “சரிங்க” என்றார்கள். உப்பு டப்பாவைக் கையில் எடுத்ததும் தம்பி முகத்தைச் சுளித்தார். “வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன்” என்று சொல்லிச் சொல்லி, மூன்று வாரம் இந்த விளையாட்டுதான். உப்புக்கு வேண்டாம் என்று சொல்லப் பழகியபின்தான் படிவத்தை எடுத்தோம். படிவம் வாசித்து முடித்ததும் “புரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள், அதற்கும் சரிதான் வரும். “வீட்டுக்குப் போனதும் இன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?” என்று கேளுங்கள்.

படிவத்தின் தமிழைப் பேச்சுக்குக் கொண்டுவாருங்கள். எங்கள் படிவத்தைக் கூட்டாளிகளே உடைத்து எழுதிக் கொடுத்தார்கள். அவர்கள் சொல்ல நான் எழுதினேன். ‘ரத்தம் எடுப்போம். கையில ஊசி. ஒரு தடவைதான். கொஞ்சம் வலிக்கும். வேண்டாம்னு சொல்லலாம். யாரும் திட்ட மாட்டாங்க.’ ஒரு வரிக்கு ஒரு விஷயம், பக்கத்தில் ஒரு புகைப்படம். படம் அவர்களுடைய ஆஸ்பத்திரியிலேயே எடுத்ததாக இருக்கட்டும். இணையத்திலிருந்து எடுத்த கோட்டுப் படத்தில் இருந்த ஊசியைத் தம்பி பேனா என்றார். இதை, ஆய்வு நெறிப்படி நடக்கிறதா என்று பார்த்து அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டிக்கு அனுப்பியபோது ‘மொழி கொச்சையாக உள்ளது’ என்று திரும்பி வந்தது. பூக்காரம்மாவின் ரத்த மாதிரிக் கேள்வியை அப்படியே எழுதி, பழைய வரியையும் புதிய வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மறுபடி அனுப்பினேன். இந்தமுறை கேள்வியே வரவில்லை.

கமிட்டியிடம் போகும்போது சட்டத்தையும் கையில் வைத்திருங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, ஆறாவது பிரிவு: அவர்களுக்குப் புரியும் வழியில் சொல்லி, அவர்களுடைய சுதந்திரமான ஒப்புதலைப் பெறாமல் யாரையும் ஆய்வுக்கு உட்படுத்தக் கூடாது. அதோடு அரசு அமைக்கும் மாற்றுத்திறன் ஆய்வுக்கான குழுவின் முன் அனுமதியும் வேண்டும். அந்தக் குழுவில் குறைந்தது பாதிப் பேர் மாற்றுத்திறனாளிகளாகவோ அவர்களுக்கான பதிவு பெற்ற அமைப்புகளின் உறுப்பினர்களாகவோ இருக்க வேண்டும். அம்மாவின் கையெழுத்து இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பவர்களுக்கு இந்தப் பிரிவே பதில். இன்னொன்று, கூட்டாளி தன் சொந்த நோய்க்கதையைச் சொல்லி அதையும் நீங்கள் பதிவு செய்தால், அதற்குத் தனியாக ஒப்புதல் வாங்க வேண்டும். கூட்டாளிதானே என்று விட்டுவிடாதீர்கள்.

தகவல் சேகரிப்பைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. டாக்டர் அறைக்குள் யாரிடம் பேசுகிறார் என்று பார்ப்பதற்கு, கட்டம் போட்ட தாள் ஒன்றைத் தயாரித்துக் கொண்டுபோனேன். அண்ணாச்சி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். அவருக்கு எண்ணத் தெரியாது. ஆனால் இருபது கடைக்கு டீ கொண்டுபோகிறார். எந்தக் கடையில் யாருக்குச் சர்க்கரை இல்லாமல் என்பதுவரை அத்துப்படி. கணக்கு எப்படி வைத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து ஒரு பிடி புளியங்கொட்டை எடுத்துக் காட்டினார். ஒரு கிளாஸுக்கு ஒரு கொட்டை. சாயங்காலம் முதலாளி எண்ணிக்கொள்வார்.

அதையே வைத்துக்கொண்டோம். டாக்டரிடமும், பார்க்க வருபவரிடமும், துணைக்கு வந்தவரிடமும் முன்பே சொல்லி, அவர்கள் சம்மதித்த நாட்களில் மட்டும் அண்ணாச்சி அறையின் மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். மடியில் இரண்டு டம்ளர். டாக்டர் நோயாளியைப் பார்த்துப் பேசினால் ஒன்றில் ஒரு கொட்டை, அம்மாவைப் பார்த்துப் பேசினால் மற்றதில். எவர்சில்வர் டம்ளர் வைத்தது என் தப்பு. முதல் கொட்டை ‘டணக்’ என்று விழுந்ததும் டாக்டர் திரும்பிப் பார்த்துவிட்டு, அன்று முழுக்க நோயாளிகளிடமே பேசினார். மறுநாள் ஊறுகாய் டப்பாவுக்கு மாறினோம். முதல் வாரத்துக் கொட்டைகளை நாங்கள் கணக்கில் சேர்க்கவில்லை. பார்க்கப்படுகிறோம் என்பது டாக்டருக்கு மறக்க அவ்வளவு நாள் ஆனது.

கண்டதைப் பிரித்துப் பார்ப்பதிலும் அவர்கள் இருக்க வேண்டும். பலர் இந்த இடத்தில்தான் நன்றி சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் பல்கலைக்கழகத்தில் உருவான ‘டாக்கிங் மேட்ஸ்’ என்ற முறை இருக்கிறது. ஒரு விரிப்பில் படங்களைப் பிடித்தது, பிடிக்காதது, நடுவில் என்று வைத்துக் கருத்துச் சொல்வது. நாங்கள் அதைக் கோரைப்பாயில் செய்தோம். ஓ.பி. சீட்டு கவுன்டர், பெஞ்சு, ஊசி அறை, மருந்து கொடுக்கும் ஜன்னல், எல்லாம் புகைப்படமாக. ஊசியைத்தான் பிடிக்காத பக்கம் வைப்பார்கள் என்று நான் பந்தயமே கட்டியிருந்தேன். நால்வரில் மூவர் ஊசியை நடுவில் வைத்துவிட்டு, டாக்டரின் மேஜையைப் பிடிக்காத பக்கம் தள்ளினார்கள். ஊசி போடும் சிஸ்டராவது “வலிக்குதா?” என்று அவர்களிடமே கேட்கிறாராம்.

ஆஸ்பத்திரியில் முடிவைச் சொன்ன அன்று கணினியைத் திறக்கவில்லை. அண்ணாச்சி பாயை விரித்து, இரண்டு டப்பாவையும் கவிழ்த்தார். ஒரு பக்கம் குவியல். இன்னொரு பக்கம் விரலால் தள்ளி எண்ணிவிடலாம். டாக்டர் சின்னக் குவியலையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “என் முன்னாடியே இவ்வளவு நடந்திருக்கா?” என்றார். அண்ணாச்சி, “ஆமா டாக்டர், நீங்கதான்” என்றார்.

பணம். ஆலோசனைக் குழுவில் மற்றவர்களுக்குக் கூட்டத்துக்கு என்ன தொகையோ அதேதான் இவர்களுக்கும், அன்றே, அவர்கள் கையில். துணைக்கு வருபவரின் செலவைத் தனியாகக் கொடுங்கள். ஐந்நூறை ஒரே நோட்டாகக் கொடுத்தபோது யாருக்கும் சந்தோஷமில்லை. நூறு நூறாகக் கொடுத்ததும் முகம் மாறியது. மாத உதவித்தொகை நின்றுவிடுமோ என்று வீட்டில் பயப்படுவார்கள், அதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் முதல் தொகைக்கு முன்பே கேட்டுத் தெளிவுபடுத்திவிடுங்கள். பூக்காரம்மா முதல் பணத்தில் சிவப்புக் குடை வாங்கினார். மழை இல்லாத நாளிலும் விரித்துக்கொண்டு வந்தார்.

கடைசியாக, முடியும் நாள். இதில் நான் தவறிவிட்டேன். இரண்டு வருஷம் வியாழக்கிழமைதோறும் கூடினோம். கடைசிக் கூட்டத்தில் கேசரி கொடுத்து, சால்வை போட்டு, போட்டோ எடுத்து அனுப்பினோம். முடிந்துவிட்டது என்று ஒருமுறை சொன்னேன். எல்லாரும் சரி என்றார்கள். அந்தச் சரியைப் பற்றித்தான் மேலே இத்தனை எழுதியிருக்கிறேன், எனக்கே அன்று உறைக்கவில்லை. அடுத்த வியாழன் காலை தம்பி அலுவலக வாசல்படியில் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்திருந்தார். அதற்கடுத்த வியாழனும்.

ஆகவே முதல் கூட்டத்திலேயே ஆளுக்கு ஒரு தினசரிக் காலண்டர் கொடுத்துவிடுங்கள். கூட்டம் உள்ள தாளில் பச்சைப் பொட்டு, கடைசிக் கூட்டத்துத் தாளில் சிவப்பு. கிழிக்கக் கிழிக்க மிச்சம் எவ்வளவு என்று கைக்கே தெரியும். கடைசி மூன்று மாதம் வாரத்துக்கு ஒன்று என்பதை இரண்டு வாரத்துக்கு ஒன்றாக, அப்புறம் மாதத்துக்கு ஒன்றாகக் குறையுங்கள். தம்பிக்காக மட்டும் நான் இப்போதும் மாதத்தின் முதல் வியாழனில் பத்து மணிக்கு வாசலில் இருப்பேன். டீ குடிப்போம். அவர் உப்பு டப்பாவை என் பக்கம் நகர்த்தி, “போடவா?” என்று கேட்பார்.