அல்டோஸ்டிரோன் பரிசோதனைக்கு முன் செய்யும் தவறுகள்

என் சித்தி அம்பாசமுத்திரத்திலிருந்து முதல் பஸ்ஸில் பாளையங்கோட்டைக்கு ரத்தம் கொடுக்க வந்தார். முந்தைய ஒரு வாரமாகக் கருவாடும் ஊறுகாயும் தொடவில்லை. கஞ்சிக்குக்கூட உப்புப் போடவில்லை. ரிப்போர்ட் நன்றாக வரவேண்டும் என்ற ஆசைதான். ஆனால் எடுக்கவிருந்தது அல்டோஸ்டிரோன் பரிசோதனை. அதற்கு முன் உப்பைத் திடீரென்று நிறுத்துவதுதான் முதல் தவறு.

சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் சுரக்கும் ஸ்டீராய்டு ஹார்மோன் அது. உப்பை உடம்பில் நிறுத்தி வைத்து, பொட்டாசியத்தைச் சிறுநீரில் தள்ளிவிடும். சிலருக்கு அது, சிறுநீரகம் சுரக்கும் ரெனின் என்ற நொதியின் கட்டளைக்குக் காத்திராமல் தானாகவே அதிகமாகச் சுரக்கிறது. 1955இல் ஜெரோம் கான் என்ற அமெரிக்க மருத்துவர் இந்த நோயை விவரித்தார். மூன்று மாத்திரைக்கும் அடங்காத ரத்த அழுத்தம் என்றால் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ரெனினையும் சேர்த்து அளந்து, அல்டோஸ்டிரோனை ரெனினால் வகுத்து விகிதத்தைக் கணக்கிடுவார்கள். உப்பு குறைந்தால் ரெனின் ஏறும், விகிதம் இறங்கும். இருக்கிற நோய் இல்லாததுபோல் தெரியும்.

ரத்த அழுத்த மாத்திரைகளும் கணக்கை மாற்றும். அட்டெனோலால் ரெனினைக் குறைத்து, இல்லாத நோயைக் காட்டலாம். டெல்மிசார்ட்டான் ரெனினை ஏற்றி, இருப்பதை மறைக்கலாம். ஸ்பைரோனோலாக்டோனை நான்கு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வதுண்டு. சொல்ல வேண்டியவர் மருத்துவர். தானாக நிறுத்தினால் பக்கவாதம் வரை போகலாம், தயவுசெய்து வேண்டாம்.

நம் பக்கத்தில் யாரும் சொல்லாமல் விடுவது அதிமதுரம். இருமலுக்கு நாட்டு மருந்துக்கடையில் வாங்கி மாதக்கணக்கில் கஷாயம் குடிப்பவர்கள் உண்டு. அதிலுள்ள கிளிசிரைசின், கார்டிசோல் என்ற மற்றோர் அட்ரினல் ஹார்மோனைச் செயலிழக்கச் செய்யும் நொதியைத் தடுக்கிறது. அந்தக் கார்டிசோல் சிறுநீரகத்தில் அல்டோஸ்டிரோன் வேலையைச் செய்யத் தொடங்கும். அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும், ரிப்போர்ட்டில் அல்டோஸ்டிரோனோ குறைவாக இருக்கும். மூட்டுவலிக்கு வாங்கும் பெயரில்லாத பொடிகளில் ஸ்டீராய்டே கலந்திருக்கலாம். அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். நெடுநாள் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்தாதீர்கள்.

பொட்டாசியம் சரியாக இருக்கிறது, ஆகவே இந்த நோய் இல்லை என்று முடிவுகட்டுவதும் தவறு. இந்த நோயாளிகளில் பெரும்பாலோருக்குப் பொட்டாசியம் சரியாகவே இருக்கும். குறைந்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டே ரத்தம் எடுக்க வேண்டும்.

பஸ்ஸிலிருந்து இறங்கிய வேகத்தில் கையை நீட்டவும் வேண்டாம். எழுந்து இரண்டு மணி நேரமாவது நடமாடியபின், ஐந்து முதல் பதினைந்து நிமிடம் உட்கார்ந்திருந்து காலையில் கொடுப்பதே வழக்கம்.

சித்தி வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பிய பிறகு மறுபடி வரவேண்டியிருந்தது. இந்த முறை மஞ்சள் பையில் மாத்திரை அட்டைகளோடு அதிமதுரப் பொட்டலத்தையும் எடுத்துவரச் சொன்னேன்.